எலிகளின் தெப்பமும் மூன்றாவது குழியும்

ஒரு காட்டில் கணக்குப் போட்டுக் கொடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அவசரக்கார அணில், மற்றவர் சந்தேகக்கார ஆமை.

இருவருக்கும் முறை ஒன்றுதான். மண்ணில் வரிசையாகக் குழிகள் இருக்கும். வலக் கடைசிக் குழி ஒன்றுகளுக்கு, அதன் இடப்பக்கக் குழி பத்துகளுக்கு. ஒரு குழியில் பத்துக் கல் சேர்ந்தால் அவற்றை அள்ளிவிட்டு, இடப்பக்கக் குழியில் ஒரு கல் போட வேண்டும்.

ஆமை தன் குழிகளைத் தானே தோண்டும். ஒவ்வொரு கல்லையும் போட்டுவிட்டு எட்டிப் பார்க்கும். எல்லாம் முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணும். காலையில் கேட்டால் மாலையில் விடை வரும்.

அணில் எதையும் பார்க்காது. குழி தோண்டித் தருவது கேட்பவர் வேலை என்று சொல்லிவிட்டது. இடப்பக்கம் போக வேண்டிய கல்லைத் திரும்பிப் பார்க்காமல் வாலால் தட்டிவிடும். நீங்கள் ஒரு நாவற்பழம் தின்று முடிப்பதற்குள் விடை வந்துவிடும். அதனால் கூட்டமெல்லாம் அணிலிடம்தான்.

அந்த ஆண்டு மழை வலுத்தது. ஓடை கரையேறப் போகிறது என்று நாரை சொன்னது. எலிகளை அக்கரை மேட்டுக்குக் கொண்டுபோக யானை மூங்கில் தெப்பம் கட்ட ஒப்புக்கொண்டது. தண்ணீரின் இழுப்பில் ஒரு தடவைதான் கடக்க முடியும், ஆகவே எத்தனை எலிகள் என்று தெரிய வேண்டும் என்றது. அந்தப் பொறுப்பைக் காட்டுப்பன்றி வாங்கிக்கொண்டது. பொறுப்பு என்றால் அதற்குக் கொள்ளை ஆசை.

புளியமரத்தடி வளைகளில் அறுபத்தெட்டு எலிகள், புதர்ப் பக்கம் நாற்பத்தொன்பது. பன்றி ஆமையிடம் கணக்கைச் சொன்னது, ஆனால் காத்திருக்கவில்லை. நேரே அணிலிடம் போய், இரண்டு இலக்க எண்களுக்கு இரண்டு குழி போதும் என்று அழகாகத் தோண்டிக் கொடுத்தது. அணில் கற்களைத் தட்டியது. நூறுக்கான கடைசிக் கல் விழ மூன்றாவது குழியில்லாமல் உருண்டு ஓடையில் போய் விழுந்தது.

"பதினேழு" என்றது அணில்.

எலித் தலைவி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, புளியமரத்தடியில் மட்டுமே அறுபத்தெட்டுப் பேர் இருக்கிறோமே."

"கணக்கு வந்த பிறகு எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, அம்மா" என்றது பன்றி.

தெப்பம் பதினேழு பேருக்குத் தயாரானது. பதினேழு பேர் ஏறியதும் நிறைந்தது. மிச்சம் நூறு எலிகள் கரையில் நின்றன. தண்ணீர் அவற்றின் காலைத் தொட்டது. அப்போதுதான் ஆமை வந்து சேர்ந்தது.

"நூற்றுப் பதினேழு."

"இதைக் காலையிலேயே சொல்லக் கூடாதா, ஆமையக்கா?" என்றது யானை.

"காலையில் நான் பாதிக் கணக்கில் இருந்தேன், யானையாரே."

யானை கொட்டும் மழையில் மேலும் மூங்கிலை முறித்துத் தெப்பத்தை அகலமாக்கியது. கடைசி எலி ஏறும்போது தண்ணீர் அதன் மீசைக்கு வந்துவிட்டது. எல்லோரும் பிழைத்தார்கள். மழைக்காலத்துக்குச் சேர்த்த தானியத்தை ஏற்றத்தான் நேரமில்லை, அது வெள்ளத்தோடு போனது.

வெள்ளம் வடிந்ததும் பேச்சு எழுந்தது. தான் கூட்டியதில் தப்பில்லை, குழிதான் குறைவு என்றது அணில். மூன்றாவது குழி வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்றது பன்றி. இரண்டும் உண்மைதான். பசித்த எலிகளுக்கு அதனால் வயிறு நிறையவில்லை.

இனிமேல் குழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கல்லைத் தட்டு என்றாள் எலித் தலைவி.

"ஒவ்வொரு கல்லுக்கும் பார்த்தால் நானும் ஆமையாகிவிடுவேன்" என்றது அணில்.

ஆமை கோபிக்கவில்லை. "நீ பார்க்க வேண்டாம், தம்பி. பன்றி எப்போதும் ஒரு குழி கூடுதலாகத் தோண்டட்டும். இரண்டு எண்களைக் கூட்ட அதற்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது."

அப்படியே ஆயிற்று. அணிலின் வேகம் குறையவில்லை. அந்தக் கூடுதல் குழி பல நாள் காலியாகவே கிடக்கும். வீண் வேலை என்று பன்றி ஒவ்வொரு முறையும் முனகிக்கொண்டே தோண்டும். எலிகள் மட்டும் அந்தப் பக்கம் போனால், அதில் மண் சரிந்துவிடாதபடி சுற்றிக்கொண்டு போகும்.

நீதி: வேகமாகச் செய்பவர் பார்க்காமல் விடும் இடத்தை, வேலை தொடங்கும் முன்பே ஒருவர் பார்த்து வைக்க வேண்டும்.