அழுகண்ணியின் பிடி

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் பறவைகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. சதுப்புச் சேறு மட்டும் பேசாது. ஆனால் தன்னை மிதித்த காலை அது மறந்ததே இல்லை.

அந்தச் சதுப்பில் கோரை அறுத்துப் பாய் முடைந்து பிழைத்தவள் காத்தாயி. தாய் தகப்பன் போன பிறகு தங்கை பூரணத்தை இடுப்பில் வைத்து வளர்த்தவளும் அவள்தான். வருகிற தையில் பூரணத்துக்குக் கல்யாணம். கல்யாணப் பாய்க்கு ஊரே கண் வைக்கிற மாதிரி சிவப்புக் கரை போட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

சதுப்பின் வாசலில் ஒரு கிழட்டு நாரை நிற்கும். உள்ளே போகிறவர்களை எண்ணும், திரும்பும்போதும் எண்ணும்.

"முன்னால போறவ தடத்துலதான் பின்னால வாறவ கால் வைக்கணும். கோரை உங்களுக்கு, செவப்புச் செடி சேத்துக்கு. ஒண்ணை எடுத்தா அதுவும் ஒண்ணை எடுத்துக்கிடும்" என்றது அன்றைக்கும்.

"தெனமும் இதே பாட்டுதான்" என்று சிரித்தபடி அக்காளும் தங்கையும் சேற்றில் இறங்கினார்கள்.

உச்சிவேளையில் கோரைக்கட்டைத் தலையில் ஏற்றப் போனபோதுதான் காத்தாயி அதைப் பார்த்தாள். தரையோடு ஒட்டிய சின்னச் சிவப்புச் செடி, பாய்க்கரைக்குச் சாயம் தரக்கூடியது. அப்போதெல்லாம் அதன் இலையில் நீர்த்துளியும் கிடையாது, பிசினும் கிடையாது.

"வேண்டாம்க்கா. எனக்கு வெள்ளப் பாயே போதும்" என்றாள் பூரணம்.

"ஒத்தச் செடியில என்னட்டி கொறைஞ்சிரப் போவுது?"

காத்தாயி தடத்தைவிட்டு ஓர் எட்டு விலகினாள். செடியை வேரோடு பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். வந்த தடத்திலேயே திரும்பி நடந்தாள். தலைச்சுமையோடு பின்னால் பார்க்க முடியவில்லை.

"வாறியாட்டி?"

"வாறேன்க்கா."

கரை நெருங்கியபோது காலடிச் சத்தம் கேட்கவில்லை, குரல் மட்டும் வந்தது. பிள்ளை களைத்துப்போய் மெல்ல வருகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கரையேறியதும் நாரை, "ஒண்ணு" என்றது.

"ரெண்டு. பின்னால வாறா பாரு."

"ஒண்ணு" என்றது நாரை மறுபடியும்.

காத்தாயி கட்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். பின்னால் யாருமில்லை; சேற்றுத் தடத்தில் கடைசியாகப் பதிந்திருந்தது அவளுடைய காலடிதான்.

"வாறேன்க்கா" என்ற குரல் அவள் மடிக்குள்ளிருந்து கேட்டது.

அலறியடித்து ஓடி, பிடுங்கிய குழியிலேயே செடியை நட்டாள். "எம் பிள்ளைய குடுத்துரு" என்று சேற்றைக் கையால் அறைந்து அழுதாள். சேறு பேசவில்லை. செடியின் இலையெங்கும் துளித்துளியாகக் கண்ணீர் அரும்பியது. அவள் விரலால் துடைக்கப் போனாள். இலை விரலோடு ஒட்டி, மெல்ல மடிந்து இறுகப் பிடித்துக்கொண்டது. நடை பழகிய வயதில் பூரணம் அப்படித்தான் பிடிப்பாள்.

அன்று முதல்தான் அழுகண்ணிச் செடி இலை நிறையத் துளியோடு நிற்கிறது. ஈ தொட்டாலும் எறும்பு தொட்டாலும், அக்காவின் விரல்தானோ என்று மூடிப் பிடித்துப் பார்க்கிறது. அன்று முதல்தான் அந்தச் சதுப்புக்குப் போகிறவர்கள் ஒருவர் தடத்தில் ஒருவர் நடக்கிறார்கள். கரையேறியதும் மடியை உதறுகிறார்கள். பின்னால் வருகிறவரைக் குரல் கொடுத்துக் கேட்பதில்லை. திரும்பி நின்று, முகத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறார்கள்.