வாயூறிய நரியும் மூன்று கரைச் சபையும்

ஒரு குளக்கரையில் எருமை, வாத்து, ஆமை மூன்றும் சேர்ந்து ஒரு சபை நடத்திவந்தன. மனந்திரும்பினோர் சபை என்று அதற்குப் பெயர். வேதக்கண்ணு எருமைதான் மூப்பர். பாட்டு நடத்துவது ராகேல் வாத்து. வசனத்துக்கு விளக்கம் சொல்வது மாசிலாமணி ஆமை. கொக்கு, தவளை, நண்டு எல்லாம் சபையார்.

குளத்தை வெட்டியவர் போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். "சேற்றை விட்டுத் திரும்பி வருகிறவர்கள் என்னுடையவர்கள். அவர்கள் கழுவிக்கொண்டு சுத்தமாக வாழட்டும்." அவ்வளவுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு இவர்கள் போட்ட சண்டை இருக்கிறதே, அப்பப்பா!

ஒரே முழுக்கில் முழுச் சுத்தம் வந்துவிடும் என்றது வாத்து. அதன் இறகில் தண்ணீரே ஒட்டாது, சேறு எங்கே ஒட்டப்போகிறது! கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுத்தமாக முடியும் என்றது ஆமை. அது எதைச் செய்தாலும் அப்படித்தான். கண்ணீர் விடாதவன் மனந்திரும்பியவனே இல்லை என்றது எருமை. இத்தனைக்கும் அது தினமும் உச்சிவெயிலில் சேற்றில் புரண்டுவிட்டு வரும். கேட்டால், "அது தோலுக்கு, ஆத்துமாவுக்கு இல்லை" என்று சொல்லிவிடும்.

ஒருநாள் காலையில் மூக்கன் என்கிற நரி வந்து வேலிக்கு வெளியே நின்றது. முட்டை திருடுவதில் பேர்போன நரி. ராகேல் அலறிக்கொண்டு ஓடிப்போய்த் தன் ஏழு முட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டது.

"பயப்படாதீங்கம்மா!" என்றது நரி. "திருட்டை விட்டுட்டேன். அஞ்சாறு நாளா இலந்தைப்பழம்தான் தின்னுறேன், பல்லெல்லாம் கூசுது. ஆனா தனியா இருந்தா என் கூட்டாளிங்க வந்து இழுத்துட்டுப் போயிடுவானுங்க. உங்களோட என்னைச் சேர்த்துக்கோங்க!"

புதிதாக வருகிறவர் வேலி வாசலில் இருந்த சாட்சிக்கல்லில் ஏறி நின்று, தான் மனந்திரும்பிய கதையைச் சொல்ல வேண்டும். அது சபையின் வழக்கம். நரியும் ஏறி நின்றது.

"எந்தத் தேதியில, எத்தனை மணிக்கு மனந்திரும்பினே?" என்று கேட்டது எருமை.

"மணி தெரியலைங்கய்யா. ஒரு நீர்க்கோழிக் குஞ்சு தாயைத் தேடிக் கத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தத் தாயைத் தின்னவன் நான்தான். அந்தச் சத்தத்தை என்னால தாங்க முடியலை. அன்னைக்கு விட்டேன்."

"அழுதியா?"

"அழலைங்க. காதைப் பொத்திக்கிட்டு ஓடினேன்."

"அழவே இல்லையாம்! எல்லாரும் கேட்டுக்கோங்க!" என்று எருமை தலையை ஆட்டியது.

அடுத்து வாத்து கேட்டது. "இப்ப முட்டையைப் பார்த்தா உனக்கு ஆசை வருதா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நரி அப்போதே உள்ளே போயிருக்கும். பாவம், அதற்கு அந்தச் சாமர்த்தியம் அன்றைக்கு இல்லை.

"வருதும்மா. வாயூறுது. ஆனா தொட மாட்டேன்."

தொலைந்தது! "உண்மையாக் கழுவப்பட்டவனுக்கு வாய் எப்படி ஊறும்?" என்று கத்தியது வாத்து. "ஆசை மெதுவாத்தான் சாகும்மா! இன்னும் பத்து வருஷம் வெளியே நின்னு சுத்தமாகட்டும், அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றது ஆமை. "வாயில தண்ணி வருது, கண்ணுல வரலையே! இது என்ன மனந்திரும்புதல்?" என்று காலை உதைத்தது எருமை.

"குளத்தை வெட்டினவர் சேறுன்னு சொன்னது காலுல ஒட்டுற சேத்தையா, மனசுல ஒட்டுற சேத்தையா?" என்று ஒரு தவளை நடுவில் கேட்டுவைத்தது. அதோடு அன்றைய பொழுது போயிற்று. மறுநாளும் போயிற்று.

நரி கல்லின் மேலேயே நின்றது. வெயில் கொளுத்தியது. "பசிக்குதுங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. "இருப்பா, உன் விஷயமாத்தானே பேசிக்கிட்டிருக்கோம்!" என்று அதட்டினார்கள்.

மூன்றாம் நாள் சபை உடைந்தது. எருமை தன் ஆட்களோடு கிழக்குக் கரைக்குப் போனது. வாத்து கூட்டையும் முட்டைகளையும் ஒரு கொக்கின் காவலில் விட்டுவிட்டு மேற்குக் கரைக்குப் போய்க் கூட்டம் போட்டது. ஆமை இருந்த இடத்திலேயே இருந்து, அதைத் தெற்குக் கரைச் சபை என்று அறிவித்தது. மூன்று கரையிலும் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. காவல் கொக்கும் கொஞ்ச நேரத்தில் வாதாடப் பறந்துவிட்டது.

நரி கல்லைவிட்டு இறங்கியது. "நான் எந்தக் கரைக்கு வரட்டும்?" என்று கூவிக் கேட்டது.

"அழுதுட்டு வா!" என்றது கிழக்கு.

"ஆசை தீர்ந்ததும் வா!" என்றது மேற்கு.

"பொறுத்து வா!" என்றது தெற்கு.

அப்போது புதருக்குள்ளிருந்து நாலு நரிகள் தலையை நீட்டின. "என்னடா மூக்கா, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டே! எங்ககிட்ட வாடா. யாரும் உன்னை ஒரு கேள்வியும் கேக்க மாட்டோம்" என்றது ஒன்று. கோழிக்கால் ஒன்றையும் முன்னால் போட்டது.

மூக்கன் மூன்று கரைகளையும் ஒருமுறை பார்த்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது கோழிக்காலைத் தின்றது. பிறகு ராகேலின் கூடு இருக்கும் இடத்தைத் தானே முன்னால் நடந்து காட்டியது. ஆறு முட்டைகளை மற்ற நரிகள் தின்றன. ஏழாவது முட்டையை மூக்கன் தின்றது. தின்றபோது அதன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைப் பார்க்க எருமை பக்கத்தில் இல்லை.

விஷயம் தெரிந்ததும் மூன்று கரையும் ஓடிவந்து ஒன்றுகூடியது.

"பார்த்தீங்களா! நான்தான் சொன்னேனே, அவன் மனந்திரும்பவே இல்லை!" என்றது எருமை.

"ரொம்பச் சரி அண்ணாச்சி!" என்றது ஆமை.

கொக்கும் தவளையும் நண்டும் ஆமாம் ஆமாம் என்றன. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சபை ஒருமனப்பட்டது. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். நன்றிப் பாட்டுப் பாட ராகேலைக் கூப்பிட்டார்கள்.

ராகேல் வரவில்லை. வெறுங்கூட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. "அவன் நம்மகிட்டே வந்தப்ப என் முட்டை ஏழும் முழுசாத்தானே இருந்துச்சு! மூணு நாளும் அவன் தொடலையே!" என்றது. மற்றவர்கள் அது இல்லாமலேயே பாட்டை ஆரம்பித்தார்கள்.

தீமையை விட்டுத் திரும்பி வருகிறவனை வாசலில் நிறுத்தி வாதம் செய்கிறவர்களே அவனைப் பழைய வழிக்கு அனுப்பிவைக்கிறார்கள்.