பொரிக்கு மேல வராத மீன்

தெரியும்டி வேனிலு, உனக்கு ஏன் தூக்கம் வரலன்னு. காலையில நீயும் அப்பாவும் உன் தொட்டி மீனு முட்டைக்கண்ணனை ஏரியில விடப் போறீங்க. அதைத் தூக்கிட்டுப் போக காலி வாளி வாசல்ல இருக்கு, நானும் பாத்தேன். போர்வையை இழுத்துக்கோ. அத்தை கதை சொல்றேன், நீ "ம்" கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு கோயில் குளம். குளம் நெறைய கெண்டை மீனு. படியில நின்னு ஒரு பிடி பொரி வீசினா போதும், சளப் சளப்புனு வாயைப் பொளந்துக்கிட்டு மேல வந்துரும்.

"ம்."

அங்க கோமளானு ஒருத்தி. கண்ணாடித் தொட்டியில ஒரு மீன் வளத்தா. உடம்பெல்லாம் முள்ளு, கண்ணாடியில வாயை ஒட்டிக்கிட்டு பாசியத் தின்னும். அப்படியே நம்ம முட்டைக்கண்ணன்தான். விரல் நீளம் வாங்கினது முழங்கை நீளம் ஆயிருச்சு. தொட்டியில திரும்ப எடமில்ல, இடிச்சு இடிச்சு வால் ஓரம் பிளந்துபோச்சு. அவளுக்கு மனசு கேக்கல. வாளியில தூக்கிட்டுப் போயி, "நல்லாயிருடா"னு குளத்துல விட்டுட்டா. புளுக்! புண்ணியம்டி கோமளான்னாங்க எல்லாரும். அதைப் பாத்து இன்னும் ரெண்டு மூணு வீட்டுக்காரங்களும் தங்களோடதைக் கொண்டாந்து விட்டாங்க.

அப்போ மீனைப் பத்திப் படிக்கிற ரெஜினானு ஒரு பொண்ணு வந்தா. "இது தூர தேசத்து மீனுங்க. இங்க இதைத் தின்ன ஆளில்ல, பெருகிரும். இப்பவே பிடிச்சிரலாம்"னா. "நாலு மீனு குளத்தையா குடிச்சிரப் போகுது?"ன்னு சிரிச்சாங்க.

அப்புறம் மழை முடிஞ்சு திரும்ப வந்தா. கரையில பொந்து பொந்தா தோண்டி வெச்சிருக்கு, உள்ள முட்டை இருக்குன்னு காமிச்சா. "முதலையா வந்துருச்சு? போம்மா"ன்னாங்க. முதலைன்னா ஊரே ஓடிவந்திருக்கும். இது அடியில கெடக்குற மீனு, பொரிக்குக்கூட மேல வராது. யாரு பாக்குறா? இந்த எடம் வந்தா எனக்குக் கோவமா வரும்.

"ம்..."

மூணாவது தடவை அவ வரல. கோமளாதான் அவளைத் தேடிப் போனா. ஏன்னு கேளு.

"ஏன்?"

ஒரு வெள்ளிக்கிழமை கோமளா பொரி வீசினா. சத்தமே இல்ல. இன்னொரு பிடி வீசினா. ஒண்ணுமில்ல. மூணாவது பிடியும் வீசினா. பொரி அப்படியே மெதந்துச்சு. படியில உக்காந்து அழுதுட்டா.

அப்புறம் ரெஜினா வந்தா, ஊரே எறங்கி வலை போட்டுச்சு. சர்ர்ருனு வலை கிழியுது! வந்ததெல்லாம் முள்ளு மீனு. அதுல பெருசா ஒண்ணு, வால் ஓரத்துல பிளவு. கோமளாவுக்கு உடனே தெரிஞ்சுபோச்சு, அது அவ வளத்தது.

"கொன்னுட்டாங்களா அத்தை? பாவம், அதுவா வந்துச்சு?"

அதுவா வரலடி. பசிச்சுது, கெண்டைக்குள்ள பாசியையும் கெண்டை முட்டையையும் தின்னுச்சு. அதுக்கென்ன தெரியும்? கோமளா அதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி பெரிய சிமெண்டுத் தொட்டியில விட்டா. மத்ததெல்லாம் செத்துத்தான் போச்சு. உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.

"கெண்டை?"

கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கோமளா இன்னமும் பொரி வீசுறா. என்னிக்காவது ஒண்ணு ரெண்டு மேல வருதாம். கதை தலகாணிக்கு அடியில போயாச்சு, கண்ணை மூடு.

"அத்தை..."

ம்.

"அந்த வாளியை எங்கயாவது ஒளிச்சு வெச்சுட்டு வந்து தூங்கட்டா?"

ம். உங்கப்பன் முழிச்சிரப் போறான், மெதுவாப் போ.