நடு ஆற்றில் சுழன்ற ராஜதோணி

ஆற்றில் தண்ணீரும் அரண்மனையில் கோபமும் வற்றாதிருந்த ஒரு காலத்தில், மாறனேரிச் சீமையை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட கட்டளையை மத்தியானம் மாற்றுவான். சாயங்காலம், “யாரடா இப்படிக் கட்டளை போட்டது?” என்று சத்தம் போடுவான். மற்றபடி நல்ல மனிதன்.

அவன் சபையில் நன்னப்பக் கவிராயர் என்று ஒருவர் இருந்தார். அவர் பாடிய ‘ஆற்றுமாலை’ அருமையான பாட்டு, அதில் சந்தேகமே இல்லை. அவருடைய தலைக்கனம்தான் பாட்டைவிடக் கொஞ்சம் நீளம்.

அக்கரையில் ஓர் ஏட்டுச் சாவடி இருந்தது. கையில் ஒரு சுவடியோடு போய் அதைப் படியெடுக்கக் கொடுத்தால், அங்கே இருப்பதில் வேண்டியதைப் படியெடுத்துக்கொண்டு வரலாம். காய்ச்சலுக்கு மருந்து, மாட்டுக்கு வைத்தியம், கதை, பாட்டு எல்லாம் கிடைக்கும். ஆற்றுமாலையும் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்து, ஏற்றம் இறைப்பவன் வாய்வரைக்கும் வந்துவிட்டது. கவிராயருக்கு வயிறு எரிந்தது.

“மகாராஜா! என் பாட்டைக் கேட்கிறவன் என் வாசலுக்கு வரவேண்டாமா? அந்தச் சாவடியைப் பூட்டுங்கள்!”

“அக்கரை பக்கத்து ராஜாவின் எல்லை ஐயா. நான் எப்படிப் பூட்டுவது?”

“அப்படியானால் தோணித்துறையை அடைத்துவிடுங்கள். தோணி போனால்தானே ஆள் போவான்?”

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. துறைக்குப் பொறுப்பான உடையாச்சியைக் கூப்பிட்டனுப்பினான். பன்னிரண்டு தோணிகள் அவள் பேச்சில்தான் ஓடின.

“மகாராஜா, ஏறுறவங்களைப் பத்திரமா அக்கரை சேக்குறதுதான் என் வேலை. மடியில என்ன வச்சிருக்காங்கன்னு துழாவுறது என் வேலை இல்லீங்களே” என்றாள் உடையாச்சி.

“திருட்டுக்குத் துணை போகிறாள்!” என்று குதித்தார் கவிராயர்.

“அதே தோணியிலதான் சாமி உங்க வீட்டு நெல்லும் வருது.”

“வாயாடாதே!” என்றான் ராஜா. “சாவடியில் படியெடுத்த ஏடோ பாட்டோ ஒன்றே ஒன்று இந்த ஆற்றைத் தாண்டினாலும், பன்னிரண்டு தோணியையும் விறகாக்கிவிடுவேன்!”

முப்பது குடும்பத்துக்கு அந்தத் தோணிகள்தான் சோறு. இருந்தாலும் உடையாச்சி மெதுவாகக் கேட்டாள்: “பாட்டு வாயில இருந்தாலும் தாண்டக்கூடாதுங்களா?”

“வாயில் இருந்தாலும்!” என்று ராஜாவை முந்திக்கொண்டு சொன்னார் கவிராயர்.

துறையில் காவல் வந்தது. காவலர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வைத்தியரின் மருந்துச் சுவடியைப் பிடுங்கினார்கள். ஓலை என்றால் எல்லாம் ஏடுதானே என்று அக்கரையிலிருந்து வந்த பனையோலை விசிறிகளையும் பிடுங்கினார்கள். அரண்மனையில் விசிறி இல்லாமல் ராஜா வியர்த்து ஊற்றினான். ஊரெல்லாம் உடையாச்சியைத்தான் திட்டியது.

ஆடிப்பெருக்கு வந்தது. அக்கரை அம்மனுக்கு ராஜாவே பட்டு கொண்டுபோவது வழக்கம். கவிராயரும் ராஜதோணியில் ஏறி உட்கார்ந்தார். சுக்கான் உடையாச்சி கையில் இருந்தது. மாறனேரித் தோணிக்காரர்கள் பாட்டில்லாமல் துடுப்புப் போடமாட்டார்கள். பாட்டுத்தான் ராஜதோணியின் பன்னிரண்டு துடுப்புகளையும் ஒன்றாக இழுக்கும். அன்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் துடுப்பு விழுந்தது. நடு ஆற்றுக்குப் போனதும் தோணி செக்கு மாதிரி சுற்ற ஆரம்பித்தது.

“பாடுங்களடா!” என்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறினான் ராஜா.

“இவங்களுக்குத் தெரிஞ்சது ஆற்றுமாலைங்க” என்றாள் உடையாச்சி. “சாவடியில இருந்து வந்தது. தாண்டினா தோணி விறகாயிடுமே.”

“வேறு பாட்டு?”

“அதெல்லாமும் அங்க இருந்து வந்ததுதான் மகாராஜா.”

ராஜா திரும்பினான். “கவிராயரே, உம்முடைய பாட்டுத்தானே? நீரே பாடும்!”

கண்ணை இறுக மூடிக்கொண்டு கவிராயர் பாடினார். இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடி தொண்டையிலேயே நின்றது.

“ஏட்டைப் பார்த்தால் வந்துவிடும்…”

“ஏடு எங்கே?”

“யாரும் பார்க்கக்கூடாது என்று பெட்டியில் பூட்டி வைத்தேன். போன மாதம் திறந்தால்… செல்லரித்துப் போயிருந்தது மகாராஜா.”

“கட்டளை ரத்து! பாடுங்கள்!” என்றான் ராஜா.

முன்துடுப்புக்காரன் மூன்றாவது அடியை எடுத்தான். பன்னிரண்டு துடுப்பும் ஒரே வீச்சாக விழுந்தன. கவிராயர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு சொல் பிசகவில்லை. சந்தோஷமா வெட்கமா என்று தெரியாமல் அழுதார்.

அப்போதுதான் தோணியின் பின்னால் கட்டியிருந்த வடத்தை உடையாச்சி அவிழ்த்துவிட்டாள். அதன் மறுமுனை இக்கரை மருதமரத்தில் கட்டியிருந்தது. ராஜா அதைப் பார்த்துவிட்டான்.

“இது எதற்கு?”

“பாடக்கூடாதுன்னுதான் உத்தரவு. உங்களை ஆத்தோட விட்டுடச் சொல்லி உத்தரவு இல்லீங்களே மகாராஜா.”

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தான். உடையாச்சிக்குப் பதின்மூன்றாவதாக ஒரு புதுத்தோணி கொடுத்தான். துறையில் இனி யாரையும் ‘எங்கே போகிறாய், என்ன கொண்டுபோகிறாய்’ என்று கேட்கக்கூடாது என்றான். படியெடுக்கிற ஏட்டில் பாடியவர் பெயரை எழுதும்படி சாவடிக்கும் சொல்லியனுப்பினான். கவிராயருக்கு அது நியாயம்தானே!

மறுநாள் காலையில் கவிராயர் துறைக்கு வந்து, ஏறாமல் நின்றார்.

“ஏறுங்க சாமி. எங்கன்னு கேக்கமாட்டேன்.”

“சாவடிக்குத்தானம்மா. ஆற்றுமாலையைப் படியெடுக்க” என்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு புதுச் சுவடியை எடுத்துக் காட்டினார். “நேற்று ராத்திரி எழுதியது. அங்கே வெறுங்கையோடு போகக்கூடாதாமே?”