நிரந்தரமாக மூடப்பட்ட ஆவுடையப்பன் குழாய்க் கடை

புளியடிக்குளத்தில் குழாய் வேலைக்கு மூணு பேர் உண்டு. கடை முதலாளி ஆவுடையப்பன், அவரிடம் வேலை பார்க்கும் இசக்கி, நயினார். மூணு பேருக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரு மூளைதான் கொடுத்தான். அது யார் கைவசம் இருக்கிறது என்பதில்தான் இன்றுவரை குழப்பம். ஆனால் ஒண்ணு, சொன்ன பேச்சைத் தட்ட மாட்டார்கள். "ஓட்டையை விரலால அடைச்சுக்கிட்டு இரு, இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போன வீட்டம்மா மறுநாள் திரும்பி வந்தபோது, இசக்கி விரலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான். நயினார் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்ட கம்பெனிக்குத்தான் பெரிய வேலை ஒன்று வாசல் வரைக்கும் வந்தது. திரவியம் அண்ணாச்சி புதுசாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். முப்பது குளியலறை. "நெட்டுல இல்லாத ஆளை இந்தக் காலத்துல எப்படி வே நம்புறது? நெட்டுல உம்ம கடையைப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமை வந்து சொல்லுதேன்" என்று ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்த வேலை வந்தால் கடை தப்பும். வராவிட்டால் கடையை விட்டுவிட்டுக் கோவில்பட்டியில் மச்சினனின் மாவு மில்லுக்குப் போய் மிளகாய் அரைக்க வேண்டியதுதான். மச்சினனிடம் கைகட்டி நிற்க ஆவுடையப்பன் தயாராக இல்லை.

உடனே கம்ப்யூட்டர் சென்டர் ஜெசிந்தாவிடம் ஓடினார். அந்தப் பெண் அவர் போனிலேயே கடையை மேப்பில் ஏற்றி, மூணே மூணு பேச்சுச் சொன்னாள். "செஞ்ச வேலையைப் படம் எடுத்துப் போடுங்க அண்ணாச்சி. யார் என்ன எழுதினாலும் நன்றி சொல்லுங்க. போன் எது கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்க." பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

படம் எடுக்கப் போனார்கள். குழாயெல்லாம் சுவருக்குள்ளே பதித்த வேலை, வெளியே என்ன தெரியும்? இருபத்திரண்டு வெள்ளைச் சுவர்களைப் படம் எடுத்துப் போட்டார்கள். பார்த்தவர்கள் சுண்ணாம்பு அடிக்கிற கம்பெனி என்று நினைத்தார்கள். "வேலை தெரியணும்லா முதலாளி" என்றான் நயினார். ஞாயமான பேச்சு. ரிட்டயர்டு வாத்தியார் சங்கரபாகம் வீட்டுக் குளியலறைச் சுவரை உடைத்து, உள்ளே இருந்த குழாயை அழகாகப் படம் எடுத்தார்கள். வாத்தியார் அன்றைக்கே ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் எழுதினார். அதற்கு ஆவுடையப்பன், "நன்றி ஐயா. ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல் இருந்தோம்" என்று பதில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது போன் கேட்டது: "ஆவுடையப்பன் குழாய்க் கடை இப்போது மூடியிருக்கிறதா?"

படுத்துக்கொண்டே சொன்னால் அது உண்மையாகுமா? ஆவுடையப்பன் மொட்டை வெயிலில் கடைவரைக்கும் நடந்து, பூட்டை ரெண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆம்" என்று அமுக்கினார். போன் விடவில்லை. "நிரந்தரமாகவா?" என்றது. அந்தப் பக்கமாக வந்த இசக்கியைக் கூப்பிட்டுக் கலந்தார்.

"ஏல, ஞாயித்துக்கிழமை என்னைக்காவது நாம கடை தொறந்திருக்கோமா?"

"கடை ஆரம்பிச்சு பதினோரு வருசத்துல ஒரு ஞாயிறுகூட இல்ல முதலாளி."

"அப்போ நிரந்தரம்தான்."

அமுக்கினார். "உங்கள் உதவிக்கு நன்றி" என்றது போன். படித்தவர்கள் நன்றி சொல்கிற அழகே தனி என்று ரெண்டு பேரும் பூரித்துப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை சாவியோடு வந்தால், நயினார் போனைப் பார்த்தபடி பேயறைந்த மாதிரி நின்றான். திரையில் சிவப்பு எழுத்தில் இருந்தது: ஆவுடையப்பன் குழாய்க் கடை, நிரந்தரமாக மூடப்பட்டது. ஆவுடையப்பன் அதை எழுத்துக் கூட்டி ரெண்டு தரம் வாசித்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாவி கையிலதான இருக்கு, தொறந்துருவோமா?" என்றான் இசக்கி.

"நிரந்தரமா மூடினதைத் தொறந்தா அது என்னல நிரந்தரம்?" என்று கேட்டான் நயினார்.

இட்லிச் சட்டியோடு வந்த ஆவுடையப்பன் மனைவி கோமதிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஏங்க, கடை கண்ணு முன்னால நிக்குது. தொறந்தா தொறந்துட்டுப் போகுது."

"நீ தெருவுல நின்னு பாக்க. மேப்புக்காரன் வானத்துல இருந்து பாக்கான். யாருக்குச் சரியாத் தெரியும்?" என்றார் ஆவுடையப்பன். கோமதி தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போகிற வழியிலேயே கோவில்பட்டித் தம்பிக்கு போன் போட்டதாகக் கேள்வி.

அந்நேரம் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. "அண்ணாச்சி, டேங்குல தண்ணி ஏறல, சட்டுனு வாங்க."

"கடை போயிட்டும்மா" என்றார் ஆவுடையப்பன்.

"எங்க போயிட்டு?"

"நிரந்தரமா."

அந்த அம்மா உச்சுக்கொட்டிவிட்டு, "எப்போ எடுக்கீங்க?" என்று கேட்டாள். சாவுச் செய்தி சொன்னால் இந்த ஊரில் வேறு எப்படிக் கேட்பார்கள்?

அவள் கேட்டபிறகுதான் மூணு பேருக்கும் முறை என்று ஒன்று இருப்பது உறைத்தது. பதினோரு வருஷம் சோறு போட்ட கடையை அநாதையாக விடலாமா? தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, கீழே ஷட்டரின் படத்துக்கு மாலை. மறைவு: ஞாயிறு பிற்பகல் 2.40. இப்படிக்கு: குழாய்கள், வால்வுகள் மற்றும் உற்றார் உறவினர். அடுத்து, மொட்டை போடுவது யார் என்று கேள்வி வந்தது.

"கடையைப் பெத்தது முதலாளி. பிள்ளைக்கு அப்பன் மொட்டை போடுற வழக்கம் இல்ல" என்றான் நயினார்.

"கடைச் சோத்துல வளர்ந்தவன் நான். நான்தான் மகன் முறை" என்று இசக்கி போய் மழித்துக்கொண்டு வந்தான். ஊர்க்காரர்கள் ரெண்டு நாளாகத் துக்கம் விசாரிக்க, அதாவது துஷ்டி கேட்க, வந்தார்கள். சங்கரபாகம் வாத்தியார்கூட வந்து, "என்ன இருந்தாலும் இப்படி ஆகியிருக்கக் கூடாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஃபிளெக்ஸைப் பார்த்த ஜெசிந்தா, ஆவுடையப்பனே போய்விட்டார் என்று பதறி ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் முகம் போன போக்கை எழுதாமல் விடுவதே மரியாதை. போனைப் பிடுங்கி ரெண்டு நிமிஷம் தட்டினாள். 'திறந்திருக்கிறது' என்று பச்சை எழுத்து வந்தது. "போய்க் கடையைத் தொறங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஆவுடையப்பனுக்கு உயிர் வந்தது. சாவியைப் பூட்டில் விட்டார். அப்போதுதான் நயினார், "ஒரு சந்தேகம் முதலாளி" என்றான். அந்த ஒரு மூளை அன்றைக்கு அவனிடம் இருந்திருக்க வேண்டும்.

"துஷ்டி விழுந்த வீட்டுல ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் கிடையாதுல்லா?"

"கிடையாது."

"கடை தொறக்கது நல்ல காரியமா, கெட்ட காரியமா?"

கெட்ட காரியம் என்று சொல்லிவிட ஆவுடையப்பனுக்கு மனசு துடித்தது. ஆனால் சோறு போட்ட கடையைத் திறப்பதை எந்த வாயால் கெட்ட காரியம் என்பது? சாவியை உருவி மடியில் சொருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை திரவியம் அண்ணாச்சி வந்தார், ஒரு கையில் போன், ஒரு கையில் மண்டபச் சாவி. "நெட்டுல பார்த்தேன் வே, திறந்திருக்குன்னு போட்டிருக்கு. இந்தாரும் சாவி. அடுத்த மாசம் என் மண்டபத்துல முதல் கல்யாணம், இன்னைக்கே ஆரம்பியும்."

ஆவுடையப்பன் கை தானாகச் சாவியை நோக்கிப் போனது. பாதி வழியில் அதை இழுத்து மடக்கிக்கொண்டார். அழுகை வந்துவிட்டது.

"துஷ்டி வீடு அண்ணாச்சி. தலை திவசம் முடியாம வேலை தொடக்கூடாது."

"ஐயோ, தவறினது யாரு?"

"கடை."

திரவியம் அண்ணாச்சி ஃபிளெக்ஸைப் பார்த்தார், மாலை போட்ட ஷட்டரைப் பார்த்தார், இசக்கியின் மொட்டையைப் பார்த்தார். முகம் சிவந்தது. தொலைந்தோம் என்று ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடணும்னு தோணலையே உமக்கு" என்றார் திரவியம் அண்ணாச்சி, மனத்தாங்கலோடு. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "பச்சைத் துஷ்டியில ஒரு மங்கள மண்டபத்துக்கு வந்து கைவைக்க மாட்டேன்னீரே, இப்படி முறை தெரிஞ்ச ஆளு எங்க கிடைப்பான்? வேலை உமக்குத்தான் வே. தலை திவசம் கழியட்டும், ஒரு வருசம் பொறுக்கேன்."

சொல்லிவிட்டு, துஷ்டி வீட்டில் சொல்லக்கூடாது என்பதால் போய்ட்டு வாரேன் என்று சொல்லாமலே எழுந்து போனார். பெரிய வேலை கிடைத்த சந்தோஷத்தில், அந்த ஒரு வருஷத்தை மட்டும் மாவு மில்லில் ஓட்டிவிடலாம் என்று ஆவுடையப்பன் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினார்.

முகூர்த்தத்தை மாற்ற முடியாதே. முதல் கல்யாணம் குறித்த தேதியிலேயே அந்த மண்டபத்தில் நடந்தது. திரவியம் அண்ணாச்சி சொல்லி, பத்திரிகையில் ஒரே ஒரு வரியை மட்டும் கொஞ்சம் திருத்தியிருந்தார்கள்: "தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ, வீட்டிலேயே குளித்து முடித்து, கையில் ஒரு செம்புத் தண்ணீருடன் வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்."