மைனஸ் ஒன்று

"இந்தப் புத்தகம் என்னை ஏமாத்திடுச்சு அக்கா" என்றாள் நிறைமதி.

மெஹருன்னிசா ஆய்வகக் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

அவள் ஆய்வு மாணவி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், கோப்புகளை வட்டில் எழுதும் பகுதிக்குத் திருத்தங்கள் அனுப்புகிறவர்களில் ஒருத்தி. நிறைமதி அவளைத்தான் குரு என்று சொல்லித் திரிந்தாள். மெஹருன்னிசா அதை ஒப்புக்கொண்டதில்லை.

"எந்தப் பக்கம்?"

"பக்கமா? மொத்தப் புத்தகமும்!"

புத்தகம் மேசைமேல் தொப்பென்று விழுந்தது. லினக்ஸில் சிஸ்டம் புரோகிராமிங் கற்றுத்தரும் தடித்த புத்தகம். விடுமுறை முழுக்க நிறைமதி அதோடுதான் குடும்பம் நடத்தினாள்.

"சொல்லு."

"கோப்பைக் காப்பி பண்ற புரோகிராம் மூணாம் அத்தியாயத்துல இருக்கு. அப்படியே அடிச்சேன். ஜெனிபாவோட வௌவால் சத்தத்தையெல்லாம் அதை வெச்சுத்தான் ரெக்கார்டர் கார்டுலேர்ந்து டிஸ்க்குக்கு மாத்தினேன்."

ஜெனிபா நிறைமதியின் விடுதி அறைத்தோழி. விலங்கியல் படிக்கிறவள். மூன்று மாதம் குகை குகையாக ஏறி இறங்கி வௌவால்களின் ஒலியைப் பதிவு செய்திருந்தாள். அந்தப் பதிவுகள் இல்லையென்றால் அவளுக்கு ஆய்வேடு இல்லை.

"காப்பி பண்ணத்தான் லினக்ஸ்லயே கட்டளை இருக்கே?"

"இருக்கு. சொந்தமா எழுதினதை ஓட்டிப் பார்க்க ஆசை இருக்காதா? உங்களுக்கு இருந்ததே இல்லையா?"

"இருந்தது. அப்புறம்?"

"'முடிந்தது'ன்னு வந்துச்சு. நானும் நம்பி, கார்டை அழிச்சுக்கோடி, சாயங்காலம் புதுசாப் பதிவு பண்ணிக்கலாம்னு அவகிட்ட சொல்லிட்டேன். இப்போ திறந்து பார்த்தா டிஸ்க்குல பாதிதான் இருக்கு."

மெஹருன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கார்டு?"

"அழிக்காதேன்னு சொல்லிட்டுத்தான் ஓடி வரேன். அதை விடுங்க. எனக்கு நியாயம் வேணும்."

"டிஸ்க்கைக் கொடு."

டிஸ்க்கை மாட்டினாள். நிறைமதியின் புரோகிராமைத் திறந்தாள். ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இங்க என்ன பண்றே?"

"இதை எழுதுன்னு கெர்னல்கிட்ட சொல்றேன்."

"அது என்ன சொல்லிச்சு?"

"என்ன சொல்லணும்?"

"எத்தனை பைட் எழுதினேன்னு ஒரு எண் வரும். எழுத முடியலைன்னா மைனஸ் ஒன்று."

"அதெல்லாம் தெரியும். அதே அத்தியாயத்துல இருக்கு. பரீட்சையில கேட்டா ரெண்டு பக்கம் எழுதுவேன்."

"இங்க எங்க கேட்டிருக்கே?"

"புத்தகத்துலயே கேட்கலையே!"

நிறைமதி பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். உண்மைதான். அந்த உதாரணத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மெஹருன்னிசா முன்னுரைக்குப் புரட்டினாள். கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. இடம் கருதி, உதாரணங்களில் பிழைச் சோதனைகள் விடப்பட்டுள்ளன.

"இடம் கருதியா? அறுநூறு பக்கம் அக்கா! எழுதினவர் வீட்டு நாய்க்கு நன்றி சொல்ல அரைப்பக்கம் இருக்கு. இதுக்கு இடம் இல்லையா?"

"நியாயம்தான்."

"அப்போ தப்பு புத்தகத்து மேலதானே?"

"புத்தகத்து மேலயும்."

"'யும்'னா? வேற யார் மேல?"

மெஹருன்னிசா கெர்னல் தரும் எண்ணைத் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தாள். ஏதோ ஒரு கோப்பைக் கொடுத்து, அதே டிஸ்க்குக்கு ஓட்டினாள்.

மைனஸ் ஒன்று.

மைனஸ் ஒன்று.

மைனஸ் ஒன்று.

திரை நிறைந்து மேலே நகர்ந்தது. மறுபடி நிறைந்தது. கடைசியில் வந்தது: முடிந்தது.

"டிஸ்க்குல இடமில்லை. உன்கிட்டயும் இப்படித்தான் சொல்லிட்டே இருந்திருக்கு."

"சொன்னா போதுமா? சத்தம் போட வேண்டாமா? உலகம் முழுக்க இத்தனை பேர் உட்கார்ந்து எழுதறீங்க, ஒருத்தருக்குமா தோணலை? பாதியில விட்டுட்டு 'முடிந்தது'ன்னு வேற சொல்லுது. என்ன திமிர்!"

"'முடிந்தது'ன்னு சொன்னது கெர்னலா?"

நிறைமதி புத்தகத்தைப் பார்த்தாள். அதில் அந்த வரி இல்லை. திரையைப் பார்த்தாள்.

"நான்தான் சேர்த்தேன்" என்றாள். "ஒரு அழகுக்கு."

"ம்."

"சரி, ஒரு பேச்சுக்கு என் தப்புன்னே வெச்சுக்குவோம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், பதிலைக் கேட்காம அடுத்த வேலைக்குப் போயிட்டேன். அதுக்காக அந்த ஆளை விட்டுட முடியுமா? கத்துக்கொடுக்கிறவனுக்குப் பொறுப்பு வேண்டாம்? இன்னைக்கே பதிப்பகத்துக்கு எழுதறேன். நீங்களும் கையெழுத்துப் போடுங்க."

"போடறேன்."

"போடுவீங்களா?"

"போடறேன். ஜெனிபாகிட்ட எப்படிச் சொன்னே?"

"எதை?"

"கார்டை அழிக்காதேன்னு."

"அவ குளிச்சிட்டிருந்தா. கதவைத் தட்டிக் கத்திட்டு வந்தேன். எதிர் அறைக்கே கேட்டிருக்கும்."

"அவ என்ன சொன்னா?"



குளியலறைக்குள் அப்போது வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த சத்தம் இப்போதுதான் நிறைமதியின் காதில் விழுந்தது.

போனை எடுத்து அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

மாடிப்படியில் நிறைமதியின் வெறுங்கால்கள் தடதடவென்று இறங்கின. ஆய்வக வாசலில் அவள் கழற்றிவிட்ட செருப்பு அப்படியே கிடந்தது.