ஓஸ்தாப் மாமா ஓட்டின வண்டி

இந்தப் பக்கம் வா தாரிணி. அத்தை கையில தலையை வச்சுக்கோ. ஃபேன் காத்து ஜாஸ்தியா இருக்கா? சரி, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ. அம்மா அடுத்த வாரம் வந்துருவா, அதுவரைக்கும் அத்தைகிட்டதான் தூக்கம். கதை சொல்றேன், நீ ம் கொட்டணும். கொட்டலைன்னா நிறுத்திருவேன்.

"ம்."

நம்ம மதுரையிலேர்ந்து ஏரோப்ளேன் ஏறி, இன்னொரு ஏரோப்ளேன் ஏறி, அப்புறம் ஒரு ராத்திரி பூரா ரயில்ல போனா ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு பஸ் டிரைவரு. ஊர் பேரு வெர்பிவ்கா. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பாத்த எடமெல்லாம் சூரியகாந்தி. குளிர் வந்துட்டா ஆறும் தெரியாது, சூரியகாந்தியும் தெரியாது, எல்லாம் வெள்ளை வெளேர்னு பனி. அந்தப் பனியிலேயும் அவன் வண்டி நிக்காது. மஞ்சக் கலர் வண்டி, நம்ம ஊர் மினி பஸ் மாதிரி இருக்கும். காலையில டுர்ர்ர்னு கிளம்பி டவுனுக்குப் போகும், சாயங்காலம் கடகட கடகடன்னு ஆடிக்கிட்டே திரும்பி வரும்.

தினம் ஏறுற ஆளு ஒருநாள் ஸ்டாப்புல நிக்கலைன்னு வையி, அவன் வண்டியை நிறுத்திட்டு எறங்கிப் போயி வீட்டுக் கதவைத் தட்டுவான். டொக் டொக். "இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணுமே, வரலையா?" உள்ள இருந்து ஒரு கிழவி, "முட்டி வலிக்குதுப்பா, நடக்க முடியலை"ம்பா. "அதுக்குத்தானே ஆஸ்பத்திரி"ன்னு சொல்லி, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து முன் சீட்டுல உக்கார வைப்பான். வண்டியில இருக்கிறவங்க நேரமாச்சுன்னு முணுமுணுப்பாங்க. அவனுக்கு ஒரு காது கேக்காது. எந்தப் பக்கம் முணுமுணுக்குறாங்களோ அந்தப் பக்கம் கேக்காத காதைத் திருப்பி வச்சுக்குவான்.

"அது ஓஸ்தாப் மாமாதானே?"

கண்டுபிடிச்சிட்டியா. ஆமா, உங்கம்மாவோட தம்பி. உங்கம்மா பொறந்த ஊருதான் அது.

"மாமா பத்தி யாரும் பேசக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா."

முன்னாடி சொன்னா. உங்க அம்மாச்சி ஹன்னாவுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே தாங்காது, அதனால சொன்னா. இப்போ பேசலாம். அம்மாச்சியே உனக்குச் சொல்லச் சொல்லிட்டாங்க. அதனாலதான் இன்னிக்கு இந்தக் கதை.

"ம்."

உனக்குக் காது குத்தினப்போ மாமா இங்க வந்தான். நம்ம வழக்கத்துல தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும். உங்கப்பா போன் பண்ணி, "வந்துரு ஓஸ்தாப், நீ இல்லாம காது குத்த முடியாது"ன்னான். அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்துட்டான். அம்மாச்சி தன் கையாலயே பூ வேலை செஞ்ச ஒரு குட்டிச் சட்டை உனக்குக் குடுத்து விட்டிருந்தாங்க. கோயில்ல மாமாவுக்கு வேட்டி கட்டி விட்டது நான்தான். நடக்க நடக்க அது சரசரன்னு அவிழுது, பிடிச்சுக்கிட்டே வர்றான், மூஞ்சி தக்காளி மாதிரி செவந்து போச்சு. ஆசாரி ஊசியை எடுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். நீ ஒருவாட்டி வீல்னு கத்திட்டு அப்புறம் கையில இருந்த வாழைப்பழத்தைத் தின்ன ஆரம்பிச்சிட்ட. அவன் கண்ணுலதான் பொலபொலன்னு தண்ணி.

அப்புறம் ஒருநாள் மாமா மாட்டுத்தாவணி டவுன் பஸ்ல ஏறினான். ஏறினவன் எறங்கவே இல்லை. டிரைவர் பக்கத்துலேயே நின்னு போயிட்டுப் போயிட்டு வந்தான். அந்த டிரைவருக்கு இவன் பாஷை தெரியாது, இவனுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் கையைக் கையை ஆட்டி கியரைப் பத்திப் பேசியிருக்காங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட, "அக்கா, உங்க ஊர் டிரைவர்கள் மந்திரவாதிகள்"னான். உங்கம்மாதான் அதைத் தமிழ்ல மாத்திச் சொன்னா. தூக்கம் வருதா?

"இல்ல. சொல்லு."

அப்புறம் சண்டை வந்துச்சு. ரஷ்யாவிலேர்ந்து அவங்க நாட்டு மேல படை எடுத்து வந்தாங்க. வானத்துல விர்ர்ருனு ஒண்ணு போகும், தூரத்துல தொம்முனு விழும், சன்னல் எல்லாம் கிடுகிடுன்னு ஆடும். ஊர் ஜனங்களையெல்லாம் மாமா வண்டியில ஏத்தி ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனான். ஒருத்தர் சாக்குல வாத்தைப் போட்டுட்டு வந்தாரு. அது வழியெல்லாம் குவாக் குவாக்குன்னு கத்திச்சு. எல்லாரையும் அனுப்பிட்டு அம்மாச்சியைக் கூப்பிட்டான். அவங்க வர மாட்டேன்னுட்டாங்க. "என் வீடு இங்க இருக்கு, நான் எங்க போக"ன்னாங்க.

அப்போ மாமா படையில சேரப் போனான். அவனை யாரும் கூப்பிடலை தாரிணி. காது கேக்காதவனைக் கூப்பிட மாட்டாங்க. தானா விருப்பப்பட்டுப் போனான்.

முதல் தடவை போனப்போ டாக்டர் வலது காதுகிட்ட மெதுவா என்னமோ சொன்னாரு, மாமா திருப்பிச் சொல்லிட்டான். இடது காதுகிட்ட சொன்னாரு, சும்மா நிக்கிறான். சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து போன காது. "வீட்டுக்குப் போ தம்பி"ன்னுட்டாரு. ரெண்டாவது தடவை, வேற டாக்டர் இருப்பாருன்னு நம்பிப் போனான். அதே டாக்டரு. "போப்பா"ன்னாரு. மூணாவது தடவை வண்டியோட போனான். வாசல்ல நிறுத்தி பாம் பாம்னு ஹாரன் அடிச்சான். டாக்டர் வெளிய வந்தாரு.

"ஐயா, நான் துப்பாக்கி கேக்கலை. அடிபட்டவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரணும்ல, அதுக்குக் கண்ணும் கையும் போதும். வண்டியும் தர்றேன்."

டாக்டர் வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. டயரை மிதிச்சுப் பாத்தாரு. "பிரேக் பிடிக்குமா?"

"என் காதை விட நல்லா வேலை செய்யும்."

சேர்த்துக்கிட்டாங்க. மஞ்ச வண்டிக்கு மண் கலர் அடிச்சுட்டான். வீட்டுக்கு வந்து சொன்னப்போ அம்மாச்சி உருளைக்கிழங்கு தோல் சீவிட்டு இருந்தாங்க. தலை நிமிரவே இல்லை.

"வேண்டாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அப்புறம் எதுக்குடா போற?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்மா. தெரிஞ்சு வச்சுக்கிட்டு எப்படி வீட்ல உக்காந்திருக்கிறது?"

மாமா கிளம்பினப்போ அம்மாச்சி வாசலுக்கு வரலை. வண்டிச் சத்தம் தேயுற வரைக்கும் அடுப்படியிலேயே இருந்தாங்களாம்.

"ம்."

அப்புறம் மாமா ஓட்டினான். பகல்ல ஓட்டுவான், லைட்டே போடாம இருட்டுல ஓட்டுவான். ஆத்துப் பாலம் உடைஞ்சு போச்சுன்னா மிதவைப் பாலத்து மேல, தண்ணி சலக் சலக்னு அடிக்க அடிக்க, ஓட்டிட்டு வருவான். ஞாயித்துக்கிழமையானா உங்கம்மாவுக்குப் போன் பண்ணுவான். அவ, "ரோடு எப்படிடா இருக்கு?"ன்னு பயந்து பயந்து கேப்பா. "உங்க மதுரை ரோடு மாதிரிதான்"னு சிரிப்பான். ஒருநாளும் குண்டைப் பத்திப் பேச மாட்டான். நீ என்ன படிக்கிற, பல்லு விழுந்துச்சா, இதையேதான் கேப்பான். அம்மாச்சிகிட்டயும் பேசுவான். அவங்க, "ம்", "சரி", அவ்வளவுதான் சொல்லுவாங்க. கோவம்.

அப்போ ஒருநாள், உங்கம்மா மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தா. போன் வந்துச்சு. ஈரத் துணியைக் கையில பிடிச்சபடியே படி எறங்கி வந்தா. சொட்டுச் சொட்டா தண்ணி படியெல்லாம் விழுது. என்னைப் பாத்து, "அண்ணி, ஓஸ்தாப்"ன்னா. எனக்குப் புரிஞ்சு போச்சு.

உடனே கிளம்பினாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஊரை விட்டுப் போனவங்க நெறைய பேரு அதுக்குள்ள திரும்பி வந்திருந்தாங்க, அதுல அம்மாச்சியோட பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தங்க அங்கேயிருந்து போன்ல காட்டினாங்க. இதே ஹால்ல உக்காந்து பாத்தோம், உங்கப்பா, அம்மா, நான். நீ என் மடியில இருந்த. நம்ம ஊர்ல சாவுன்னா பறையடிச்சு, பூ வாரி எறைச்சுக் கூட்டிட்டுப் போவோம். அங்க சத்தமே இல்லை. மாமாவைக் கொண்டு வர்ற வண்டி மெதுவா வருது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஜனங்க பனியில முழங்கால் போட்டு உக்காந்திருக்காங்க. வயசானவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, எல்லாரும். ஒவ்வொரு ஸ்டாப்பிலேயும் கூட்டம். நாட்டுக்காக உயிரை விட்டவங்களுக்கு அவங்க அப்படித்தான் மரியாதை செய்வாங்களாம். நீ என்னைப் பாத்து, "ஏன் அத்தை எல்லாரும் ரோட்டுல உக்காந்திருக்காங்க?"ன்னு கேட்ட. என்னால அப்போ சொல்ல முடியலை.

அம்மாச்சி மட்டும் நின்னுட்டே இருந்தாங்க. அழவும் இல்லை. "கூப்பிடாத எடத்துக்குப் போனான்"னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க. அப்புறம் மாமாவோட போட்டோவை எடுத்துப் பெட்டியில வச்சாங்க. உங்கம்மா போன்ல அவன் பேரை எடுத்தா, "வேற பேசு"ம்பாங்க. அவங்களை இங்க கூட்டிட்டு வரலாம்னு உங்கப்பா எவ்வளவோ கேட்டான். வரலை.

நேத்து மாமாவுக்கு வருஷம் திரும்புச்சு. அன்னிக்குச் சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு, செத்துப் போனவங்களை நெனச்சு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறது அவங்க வழக்கம். அம்மாச்சி அதெல்லாம் வேண்டாம்னுட்டாங்க. அன்னிக்குத் தனியா விடக்கூடாதுன்னுதான் உங்கம்மா கிளம்பிப் போனா. முழிச்சுட்டு இருக்கியா?

"ம். அப்புறம்?"

அன்னிக்கு மத்தியானம் வாசல் படல்கிட்ட ஒருத்தன் வந்து நின்னான். சின்ன வயசுதான். அக்குள்ள கட்டை வச்சு நடக்குறான், டக் டக், டக் டக்னு. பேரு நஸார். அம்மாச்சி கதவைத் திறந்து, "என்ன வேணும்?"னு கேட்டாங்க.

"ஒண்ணும் வேணாம்மா. ஓஸ்தாப் வண்டியில வந்தவன் நான். பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அம்மாச்சி படலைத் திறக்கலை. வீட்டுக் கதவை மூடவும் இல்லை. உங்கம்மாதான் போய் உள்ள கூட்டிட்டு வந்தா. அவன் தொப்பியைக் கழட்டிட்டு உக்காந்தான். என்ன நடந்துச்சுன்னு அப்போதான் முழுசாத் தெரிஞ்சுச்சு.

இடிஞ்சு போன ஒரு வீட்டுக்கு அடியில, நிலவறையில, அடிபட்டவங்க நாலு பேர் கிடந்தாங்க. நஸார் அதுல ஒருத்தன். ரோட்டுல குண்டு விழுந்துட்டே இருக்கு, இன்னிக்குப் போகாதேன்னு மாமாவுக்குச் சொல்லியிருக்காங்க. மாமா போனான். போய்ச் சேர்ந்தும் வெளிய வர முடியலை, படார் படார்னு ஒரே சத்தம். கொஞ்சம் அடங்கட்டும்னு அவங்களோட அந்த இருட்டுல காத்துக்கிட்டு இருந்தான். அடங்குனதும் ஒவ்வொருத்தரா முதுகுல தூக்கிட்டு வந்து வண்டியில ஏத்தினான். கிளம்புற நேரம் பின்னாடி ஒண்ணு விழுந்துச்சு. மாமாவுக்கு முதுகுல பட்டுருச்சு. அவன் சொல்லலை. கொஞ்ச தூரம் ஓட்டினான். ஊர்க் கிட்ட வந்ததும் வண்டியை ஓரமா நிறுத்தி, கை நல்லா இருந்த ஒருத்தனைக் கூப்பிட்டு, "நீ ஓட்டு, ரெண்டாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும்"னு சொல்லிட்டு, பின் சீட்டுல போய்ச் சாஞ்சான்.

ஆஸ்பத்திரி வந்துச்சு. நாலு பேரும் எறங்கினாங்க. மாமா எறங்கலை.

"..."

இங்க வா, கிட்ட வா. ஆமாடா. அழு, பரவாயில்லை. அத்தையும்தான் அழுதேன்.

"அம்மாச்சி?"

சொல்றேன். நஸார் சொல்லி முடிச்சான். அம்மாச்சி மேசை ஓரத்தை விரலால தேய்ச்சுட்டே இருந்தாங்க. ஏன் போனான்னு கேப்பாங்க, திட்டுவாங்கன்னு உங்கம்மா பயந்துட்டு இருந்தா. அம்மாச்சி நஸாரைப் பாத்து ஒண்ணுதான் கேட்டாங்க.

"அன்னிக்கு அவன் சாப்பிட்டானா?"

நஸார் தொப்பியைப் பிடிச்சு முறுக்கினான். அப்புறம் உள்ளதைச் சொல்லிட்டான். "சாப்பிட்டாரும்மா. அந்த நிலவறையில எங்களுக்கு யாருக்கும் ரொட்டி எறங்கலை, வலி. 'வேணாமா, நிஜமா வேணாமா'ன்னு எல்லார்கிட்டயும் ரெண்டு ரெண்டு தடவை கேட்டாரு. கேட்டுட்டு, எல்லாத்தையும் அவரே சாப்பிட்டுட்டாரு."

அம்மாச்சி அவனையே பாத்தாங்க. அப்புறம் களுக்குனு ஒரு சத்தம். சிரிச்சுட்டாங்க, தாரிணி. சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தானாம். வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிச்சாங்க. சிரிக்கும்போதே கண்ணு பொங்கிருச்சு. ஒரு வருஷமா உள்ள இருந்தது எல்லாம் அன்னிக்குத்தான் வெளிய வந்துச்சு. உங்கம்மா ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சா. நஸார் பாவம், தப்பா ஏதோ சொல்லிட்டோம்னு எந்திரிச்சு நிக்கப் பாத்தான். "உக்காரு"ன்னு அவன் தோளை அமுக்கி உக்கார வச்சாங்க அம்மாச்சி. அடுப்பைப் பத்த வச்சாங்க. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னாங்க, அவங்க வீட்டுக்காரரையும், வாத்துக்காரரையும்.

நேத்து உங்கம்மா அங்கேயிருந்து எனக்குப் போன் பண்ணி இதெல்லாம் சொன்னா. பின்னாடி யாரோ விடாம என்னமோ சொல்லிட்டே இருக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்குப் பாஷை புரியலையே, பயந்துட்டேன். "என்னடி, அம்மா அழுறாங்களா?"ன்னேன்.

"இல்ல அண்ணி. ஓஸ்தாப்பைப் பத்தி அம்மா பேசிட்டு இருக்காங்க. மத்தியானத்துலேர்ந்து பேசுறாங்க, நஸார் கேட்டுட்டே இருக்கான். எனக்கே தெரியாததெல்லாம் சொல்றாங்க. தாரிணிகிட்டயும் அவனைப் பத்திச் சொல்லணுமாம்."

சொல்லிட்டேன், இல்லையா?

ம் சத்தத்தையே காணோமே. தூங்கிட்டியா?

தூங்கு தங்கம். கண்ணு சொருகியாச்சு, கதையும் வந்து சேர்ந்தாச்சு.